யாரைக் கேட்டு வரைந்தீர்கள்?

“பொதுமக்களின் கருத்து அறியப்பட்டது.”

மூன்றே சொற்கள். அபிவிருத்தித் திட்டங்களின் அறிக்கைகளைப் புரட்டினால், எங்கேனும் ஒரு மூலையில் இவ்வாசகம் அமைதியாக வீற்றிருக்கக் காணலாம். படிப்பவர் மனம் நிறைவு கொள்கிறது. எழுதியவர் கடமை முடிந்ததென்று பேனாவை மூடிவிடுகிறார். ஆனால் நாம் கேட்கிறோம்: பொதுமக்கள் என்றால் எந்த மக்கள்? அறியப்பட்டது என்றால் எப்பொழுது, எவ்விடத்தில், எம்மொழியில்? அறிந்த பின்னர் அக்கருத்துக்கு நேர்ந்த கதி என்ன?

இக்கேள்விகளை நாம் கித்துல்கலவில் நின்று கேட்கிறோம். கித்துல் மரத்தையும் கல்லையும் பெயரிலே தாங்கிய அந்தச் சிற்றூர், கேகாலை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பெருந்தெருவின் ஓரத்தில், களனி கங்கையின் கரையில் அமைந்திருக்கிறது. ஒருபுறம் ஆறு, மறுபுறம் மலை, மலைமேல் காடு, காட்டுக்கும் ஆற்றுக்கும் இடையே இறப்பரும் தேயிலையும். வெள்ளநீரில் மிதவைப் படகோட்ட உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். விடுதிகள் எழுந்திருக்கின்றன. இனி வரவேண்டியது பூங்கா ஒன்றுதான். நடைபாதை, மின்விளக்கு, புல்தரை, சிறுவர் ஊஞ்சல், வாகனத் தரிப்பிடம், நுழைவுச்சீட்டுக் கூடு ஆகிய யாவும் அடங்கிய நகரப் பூங்கா!

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 2010ஐ அடுத்த ஆண்டுகளில் நகர அபிவிருத்தி அதிகாரசபை இத்தகைய நடைபாதைகளையும் பூங்காக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அமைத்ததை நாடறியும். கொழும்பிலே தோன்றிய வழக்கம் மலைநாட்டுச் சிற்றூர்களுக்கு ஏறிவர நெடுங்காலம் ஆகாது. ஆற்றங்கரையும் அயல்நாட்டு விருந்தினரும் ஒருங்கே அமைந்த ஊர் திட்டக்காரர் கண்ணுக்குத் தப்பாது. ஆதலின் வந்தபின் புலம்புவதினும் வருமுன் பேசுவதே அறிவுடைமை.

பூங்காவை நாம் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லி விடுகிறோம். பூங்காவை விரும்பாத மனிதன் உண்டா? எட்டடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்தெழும் குடும்பத்தைவிடத் திறந்த வெளியின் அருமையை உணர்ந்தவர் யார்? நாம் எதிர்ப்பது பூங்காவை அன்று. பூங்காவின் வரைபடம் பிறக்கும் முறையை!

கமக்காரன் அறிந்த நீதி

இப்பத்திரிகையைப் படிக்கும் கமக்காரப் பெருமக்களை ஒன்று கேட்கிறோம். பெரும்போகம் தொடங்குமுன் குளத்து நீர்ப் பாய்ச்சலில் பயிரிடும் ஊர்களிலே பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறதே, எதற்காக? வாய்க்காலை எந்நாளில் திறப்பது, எந்நாளில் அடைப்பது, எந்த நெல்லினத்தை விதைப்பது, மாடுகளை எந்நாளுக்குள் வயலைவிட்டு அகற்றுவது என்று முடிவு செய்வதற்காக அல்லவா? நீர்ப்பாசனப் பொறியியலாளர் அங்கே இருக்கிறார். அரச அதிகாரி இருக்கிறார். ஆயினும் அவர்கள் மட்டும் அறையில் அமர்ந்து நாட்குறித்துவிட்டு, “கமக்காரரின் கருத்து அறியப்பட்டது” என்று எழுதிவிட்டுப் போனால் ஊர் பொறுக்குமா? வாய்க்கால் திறக்கும் நாளுக்குப் பின் கூட்டம் கூட்டினால் அதைக் கூட்டமென்று கூறுவீர்களா?

கூறமாட்டீர்கள். ஏனெனில் நீரில் நிற்பவன் நீங்கள்; நட்டம் வந்தால் தாங்குபவனும் நீங்கள். முடிவின் பலனை அனுபவிப்பவன் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கவேண்டும் என்பது நம் வயல்வெளியின் பழைய நீதி. அந்த நீதி வயல்வெளியில் செல்லும். தேயிலை மலையில் செல்லாதா?

ஏணியின் நாலாம் படி

அமெரிக்க நாட்டில் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்னும் அம்மையார் 1969இல் ஒரு கட்டுரை எழுதினார். குடிமக்கள் பங்கேற்பு என்பதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அதிலே காட்டினார். கீழிரண்டு படிகள் ஏய்ப்பும் ஆற்றுப்படுத்தலும். அவை பங்கேற்பே அல்ல என்றார். மூன்றாம் படி செய்தி அறிவித்தல். நான்காம் படி கருத்துக் கேட்டல். ஐந்தாம் படி சமாதானம் செய்தல். இம்மூன்றும் வெறும் அடையாளத்துக்குச் செய்பவை என்றார். ஆறு, ஏழு, எட்டாம் படிகளாகிய கூட்டுப்பொறுப்பு, கையளித்த அதிகாரம், குடிமக்கள் ஆட்சி ஆகியவற்றிலேதான் மக்களுக்கு உண்மையான வலிமை உண்டு என்றார்.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! நம் அதிகாரிகள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ‘கருத்துக் கேட்டல்’ எட்டுப்படி ஏணியில் நான்காம் படி. அந்த நான்காம் படியில்கூடத் தோட்டத் தொழிலாளியை ஏற்றுவதில்லை. மூன்றாம் படியாகிய செய்தி அறிவித்தலும் அவன் படிக்க இயலாத மொழியில் ஓர் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டால், அவன் நிற்பது எந்தப் படி? ஏணியே அவனுக்கு இல்லை!

பாலம் தந்த பாடம்

கித்துல்கலவின் புகழுக்குக் காரணமான ஒரு பாலம் உண்டு. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்துக்காக அங்கே களனி கங்கையின் மேல் மரப்பாலம் கட்டப்பட்டது, படத்துக்காகவே தகர்க்கப்பட்டது. அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. பாலம் நின்ற இடத்தைப் பார்க்க இன்றும் பயணிகள் வருகிறார்கள். ஆற்றங்கரையில் பூங்கா அமைப்போர் அந்தப் படத்துக்கு ஒரு நினைவுக்கல் நாட்டாமல் விடமாட்டார்கள்.

நாட்டட்டும். ஆனால் அந்தப் படத்தின் கதை எதைப் பற்றியது? யப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த இருப்புப்பாதையைப் பற்றியது. படத்திலே நாம் காண்பது ஆங்கிலேயப் போர்க்கைதிகளின் துன்பம். அவர்கள் துன்புற்றது மெய். நேச நாட்டுக் கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். ஆனால் ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறதே, அவர்கள் எங்கே? மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு, வாந்திபேதியிலும் பட்டினியிலும் காட்டோரத்தில் புதையுண்ட தமிழர் பல்லாயிரவர் எங்கே? சயாம் மரண இரயில் என்று மலாயாத் தமிழர் இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூரும் அந்தக் கொடுமையின் பெரும்பகுதியைத் தாங்கியவர்களுக்குத் திரையிலே இடமில்லை.

விந்தை என்னவெனில், படம் பிடிக்கப்பட்ட ஆற்றின் இருமருங்கு மலைகளிலும் அன்று இறப்பர்ப்பால் வெட்டிக்கொண்டும் கொழுந்து பறித்துக்கொண்டும் வாழ்ந்தவர்கள், சயாமில் மாண்டவர்களின் இனத்தவரே. ஒரே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஒரு கப்பல் மலாயாவுக்குப் போயிற்று. ஒரு தோணி இலங்கைக்கு வந்தது. கதை நிகழ்ந்த இடத்திலும் தமிழ்த் தொழிலாளி இருந்தான். படம் எடுத்த இடத்திலும் தமிழ்த் தொழிலாளி இருந்தான். இரண்டிடத்திலும் அவன் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டான்.

பூங்காவின் வரைபடத்திலும் அவன் அவ்வாறே வெளியே நிறுத்தப்படுவானா என்பதுதான் நம் கேள்வி. நினைவுக்கல்லில் என்ன பொறிப்பது என்று யாரைக் கேட்பீர்கள்? மலையைத் திருத்திய மக்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்டால், பாலத்துக்கு ஒரு கல்லும், மலைக்கு ஒரு கல்லும் வேண்டும் என்பார்கள். கேளாவிட்டால் ஒரு கல்தான் எழும்.

பொதுத்தேவை என்னும் பெயரால்

“பொது” என்னும் சொல்லைக் கேட்டதும் சப்பிரகமுவத் தோட்ட மக்கள் மகிழ்வதில்லை, அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்துக்கு வரலாறு உண்டு.

1946ஆம் ஆண்டு. இதே கேகாலை மாவட்டம். ஆங்கிலத்தில் நேவ்ஸ்மியர் என்றும் நம்மவர் வழக்கில் உருளவள்ளி என்றும் வழங்கிய தோட்டம். கிராம விஸ்தரிப்பு என்னும் பொதுத்தேவைக்காக அரசாங்கம் அத்தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களை வெளியேறுமாறு கட்டளையிட்டது. பிறந்து வளர்ந்த மண்ணைவிட்டு எங்கே போவது? அவர்கள் மறுத்தார்கள். அத்துமீறிக் குடியிருந்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள்! தம் வீட்டிலே தாம் இருந்தது குற்றம்! அவர்களுக்காகப் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்.

நிலமற்ற சிங்களக் குடியானவனுக்கு நிலம் வேண்டியிருந்தது உண்மையே. அதை நாம் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. அவன் நிலத்தைப் பறித்தவன் தமிழ்த் தொழிலாளி அல்லன். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியே. ஆயினும் கணக்குத் தீர்க்கும் நாள் வந்தபோது, முதலாளிக்கு இழப்பீடும் தொழிலாளிக்கு வழக்கும் கிடைத்தன. இரண்டு ஏழைகளையும் ஒரே மேசையில் அமர்த்தி, “இந்நிலத்தை எவ்வாறு பங்கிடலாம்?” என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கக்கூடும்.

இரண்டாண்டு கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் கேட்க வேண்டிய அவசியமே அரசாங்கத்துக்கு இல்லாமற் போயிற்று. குடியுரிமையற்றவனிடம் கருத்துக் கேட்பவன் யார்? 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டபோது, அந்தத் தொகையில் அடங்கிய எவரையும் எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சமுதாயத்தை எதுவும் கேளாமல் ஆண்டவர்கள், கேட்கும் பழக்கத்தை ஒரே நாளில் கற்றுக்கொள்வார்களா? நாமே கற்பிக்கவேண்டும்.

இன்னுமொன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபையின் பணத்தில் பணி செய்வதற்குத் தடைக்கல்லாக நின்றது. தோட்டத்தான் வாக்களிக்கலாம், ஆனால் சபையின் தெருவும் விளக்கும் லயத்துக்கு வாரா! 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே பிரதேச சபை தோட்டத்துக்குள் நுழைந்து, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பதற்கு இன்று சட்டத் தடை இல்லை. தடையாயிருப்பது மனம் ஒன்றே.

அவர்கள் கூறும் நான்கு சாட்டுகள்

முதற் சாட்டு: “பூங்கா அமைப்பது நிபுணர் வேலை, கொழுந்து பறிப்பவளுக்கு அதிலே என்ன தெரியும்?”

என்ன தெரியும் என்று சொல்கிறோம். எந்தச் சரிவில் மழைக்காலத்தில் புதிதாக ஊற்றுக் கிளம்புகிறது என்று அவளுக்குத் தெரியும். எந்த மண்மேடு வெடித்திருக்கிறது, எந்த மரம் சென்ற ஆண்டு நிமிர்ந்து நின்று இவ்வாண்டு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். மேலேயுள்ள மின்நிலையங்களிலிருந்து நீர் வரும்போது ஆற்றின் மட்டம் எவ்வாறு ஏறுகிறது, எந்த மடுவில் பிள்ளைகளை இறக்கலாகாது என்று ஆற்றில் துணி வெளுப்பவளுக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், இதே மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டியவில் மண்ணுக்குள் புதையுண்டது தோட்ட லயம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலைநாடெங்கும் மண் சரிந்தது. நாடு முழுவதிலும் மாண்டோர் தொகை 600ஐக் கடந்தது. இத்தகைய மண்ணிலே நடைபாதை வெட்டுமுன், அதன்மேல் நாள்தோறும் நடப்பவளைக் கேளாத நிபுணத்துவம் என்ன நிபுணத்துவம்? பொறியியலாளரின் அறிவை நாம் இகழவில்லை. அவர் அளவெடுக்கட்டும், அவள் வழிகாட்டட்டும் என்கிறோம்.

இரண்டாம் சாட்டு: “எல்லாரையும் கேட்டால் வேலை நடவாது, காலம் வீணாகும்.”

கேளாமல் செய்த வேலை நடந்ததா? நியூயோர்க் நகரத்தின் நடுவே உலகப் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் இருக்கிறது. அது அமைவதற்காக 1857 அளவில் ஏறத்தாழ 1,600 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினர் செனிக்கா கிராமம் என்னும் இடத்தில் சொந்த நிலமும் கோயிலும் பள்ளியும் அமைத்து வாழ்ந்த கறுப்பின மக்கள். நகரத்தார்க்குக் காற்று வேண்டுமென்று அவர்களின் கூரை பிரிக்கப்பட்டது. இன்று அந்நகரத்தின் ஆராய்ச்சியாளர் அதே மண்ணைத் தோண்டி, அம்மக்களின் உடைந்த பாத்திரங்களைத் தேடி எடுத்து, நினைவுப் பலகை வைக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பலகை வைப்பதினும் ஒன்றரை மாதம் முன்னதாகக் கேட்பது வீண்காலமா?

மறுபுறம் பேர்லின் நகரத்தைப் பாருங்கள். அங்கே 2008இல் மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் வெளி 2010இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஓரங்களில் வீடுகள் கட்டுவதற்கு நகர அரசாங்கம் திட்டமிட்டது. மக்கள் கையொப்பம் திரட்டினர். 2014 மே 25ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 64 பேர் வெளி வெளியாகவே இருக்கட்டும் என்றனர், அரசாங்கம் பணிந்தது. அவர்கள் முடிவு சரியா, வீடு வேண்டியவர்களுக்கு அதனால் தீங்கா என்று இன்றும் அங்கே வாதம் நடக்கிறது. நடக்கட்டும்! தம் நிலத்தைப் பற்றித் தாமே முடிவு செய்து, தாமே வாதாடும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. நகரம் இடிந்து விழவில்லை.

மூன்றாம் சாட்டு: “அறிவித்தல் ஒட்டினோம், அவர்கள் வரவில்லை.”

எந்த மொழியில் ஒட்டினீர்கள்? எந்த நேரத்தில் கூட்டம் வைத்தீர்கள்? விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, விறகோடு லயத்துக்கு ஏறுபவள், கிழமை நாளொன்றில் முற்பகல் பத்து மணிக்கு யட்டியாந்தோட்டையில் நடக்கும் கூட்டத்துக்கு எப்படி வருவாள்? வந்தால் அன்றைய பெயர் போகும். பெயர் போனால் சம்பளம் போகும். நாட்சம்பளத்தை இழந்து கருத்துச் சொல்லுமாறு எந்த வழக்கறிஞரையாவது, எந்த வைத்தியரையாவது இந்நாட்டில் எவரேனும் கேட்டதுண்டா? கதவைப் பூட்டிவிட்டு, “அழைத்தேன், வரவில்லை” என்பது அழைப்பு அன்று; ஏளனம்.

நான்காம் சாட்டு, இருப்பவற்றுள் வலியது: “வீடில்லாதவனுக்குப் பூங்கா எதற்கு? முதலில் வீட்டைப் பற்றிப் பேசுங்கள்.”

இதைச் சொல்பவர்களில் நம்மவரும் உளர். நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் உளர். அவர்களுக்கு மதிப்போடு மறுமொழி கூறுகிறோம். வீட்டைப் பற்றியும் நாம் பேசுகிறோம். 2015இல் அறிவிக்கப்பட்ட ஏழு பேர்ச் காணி எத்தனை குடும்பங்களின் கைக்கு உறுதியோடு வந்தது என்று நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் வீட்டுக் கேள்வியும் பூங்காக் கேள்வியும் இரு கேள்விகள் அல்ல. இந்த மண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? அதுவே இரண்டுக்கும் வேர். ஆற்றங்கரை விடுதிக்கு, மலைச்சரிவு மின்திட்டத்துக்கு, சமநிலம் பூங்காவுக்கு என்று பங்கிட்டபின், வீட்டுக்காக எஞ்சுவது எந்த நிலம்? மண்சரிவுப் படத்தில் சிவப்பாகத் தீட்டப்பட்ட நிலம்! பூங்காக் கூட்டத்தில் வாய் திறவாதவன் வீட்டுக் காணிக் கூட்டத்திலும் கடைசி வரிசையில்தான் நிற்பான்.

மேலும், வீடு வரும்வரை பிள்ளை விளையாடாமல் இருக்குமா? முதியவர் காற்று வாங்காமல் இருப்பாரா? 1859இல் காலிமுகத்திடலின் நடைவழியை முடித்த ஆங்கிலத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், அதைக் கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பேணுமாறு பின்வருவோரைக் கேட்டுக் கல்லிலே பொறித்து வைத்தார். எந்தப் பெண்களை, எந்தப் பிள்ளைகளை அவர் மனத்திற்கொண்டார் என்பது வேறு. ஆனால் அதே திடலில் 2022 ஏப்பிரலில் நாட்டு மக்கள் கூடாரமடித்து அமர்ந்தபோது, திறந்த வெளி என்பது காற்று வாங்கும் இடம் மட்டுமன்று, குடிமக்கள் குடிமக்களாகும் இடமும் அதுவே என்பதை உலகம் கண்டது. அத்தகைய இடம் தோட்டத்தானுக்கு வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் சலுகை கேட்கவில்லை. சட்டத்தில் உள்ளதையே கேட்கிறோம். படித்த பெருமக்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் குடிமகன் ஒருவன் அரச அலுவலரோடு தமிழிலே எழுதவும் பேசவும் அலுவல் பார்க்கவும், தமிழிலே மறுமொழி பெறவும் உரிமையளிக்கிறது. சப்பிரகமுவவில் தமிழன் சிறுபான்மையென்பதால் அவ்வுரிமை தேய்ந்துவிடுவதில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படியுங்கள். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமாயினும், வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டமாயினும், வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, பொதுமக்களுக்கும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தம்மிடமுள்ள தகவல்களை அறிவிப்பது உரிய அமைச்சரின் கடமை. 5 இலட்சம் ரூபா! இக்காலத்தில் ஒரு நடைபாதைக்கும் நாலு விளக்குக்கும் காணாத தொகை. ஆகவே ஏறத்தாழ எந்தப் பூங்காவும் இப்பிரிவுக்குள் அகப்படும்.

பெருந்திட்டமாகிச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டப்படுமாயின், 1988இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி அவ்வறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். கித்துல்கலவுக்கு அருகே 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வந்தபோது, ஆற்றிலே நீர் குறைந்தால் தம் தொழில் என்னாகும் என்று மிதவைப் படகுத் தொழிலார் குரல் எழுப்பினர். அது அவர்களுக்குரிய நியாயம். அவர்களுக்குச் சங்கம் உண்டு, மொழி உண்டு, பத்திரிகையாளர் துணை உண்டு. அதே மலையில் வாழ்ந்த தொழிலாளியின் குரல் எத்தனை பேர் காதில் விழுந்தது?

சட்டம் தாளிலே உறங்குகிறது. தட்டி எழுப்புவது யார்? வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே, வைத்தியர்களே, அலுவலர்களே! உங்களிற் பலர் லயத்திலே பிறந்தவர்கள். பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தவர்கள். ஒரு தகவல் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்பதற்கு உங்களுக்கு அரைமணி நேரம் போதும். எழுதத் தெரியாத ஒரு தாய்க்கு அது அரை நூற்றாண்டு.

நாம் கேட்பது

கித்துல்கலவிலோ, யட்டியாந்தோட்டையிலோ, தெரணியகலையிலோ, இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பட்டினங்களிலோ பூங்கா அமைக்க முன்வரும் எவரிடமும் நாம் கேட்பவை இவை:

ஒன்று: வரைபடத்துக்கு முன்னே கேளுங்கள். கோடு கிழித்தபின் கேட்பது, சமைத்தபின் என்ன சமைக்கலாம் என்று கேட்பது போன்றது.

இரண்டு: அறிவித்தலும் கூட்டமும் வரைபட விளக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே இருக்கவேண்டும்.

மூன்று: கூட்டம் தோட்டத்துக்கு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலோ, கொழுந்து நிறுத்த பின்னரோ, டிவிசன் தோறும் நடக்கவேண்டும். பெண்கள் தனியே பேசவும் வாய்ப்பிருக்கவேண்டும். துரையும் கணக்கப்பிள்ளையும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் எந்தத் தொழிலாளி மனத்தைத் திறப்பான்?

நான்கு: சொன்ன ஒவ்வொரு கருத்தும் பதிவாகவேண்டும். ஏற்றது எது, தள்ளியது எது, ஏன் தள்ளினோம் என்று எழுத்திலே மறுமொழி வரவேண்டும். மறுமொழி இல்லாத கேள்வி, கேள்வியே அன்று.

ஐந்து: பூங்காவின் பெயரால் ஒரு குடும்பமேனும் தன் ஒப்புதலும் மாற்று வீடும் இன்றி வெளியேற்றப்படலாகாது. இழப்பீடு உறுதிக்காரருக்கு மட்டும் என்று கைவிரிக்கலாகாது. உறுதி கொடுக்காதவர்களே உறுதி கேட்பது அறமாகுமா?

ஆறு: நுழைவுச்சீட்டு வேண்டா. அயல்நாட்டுப் பயணிக்கு ஆற்றைக் காட்ட, அதன் கரையில் பிறந்தவன் பணம் கட்டுவதா?

ஏழு: பூங்காவை நடத்தும் குழுவில் கிராமத்தாரும் தோட்டத்தாரும் சமமாக அமரவேண்டும்.

இந்த ஏழாவது வேண்டுகோளில் நம் உள்ளக்கிடக்கை அடங்கியிருக்கிறது. கித்துல் மரமேறிப் பாணி காய்ச்சும் சிங்களக் குடியானவனையும் எவரும் கேட்பதில்லை. படகு தள்ளிக் கூலி பெறும் அவன் மகனையும் எவரும் கேட்பதில்லை. உருளவள்ளியில் இருவரையும் பிரித்து நிறுத்தினார்கள். அதன் துன்பத்தை இன்றளவும் அனுபவிக்கிறோம். ஒரு பூங்காவை முன்னிட்டேனும் இருவரும் ஒரே பாயில் அமர்ந்து, “மரத்தை எங்கே நடுவோம், பிள்ளைகளை எங்கே ஆடவிடுவோம்?” என்று பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு பூங்காவோடு நின்றுவிடாது. அதனாற்றான் சிலர் அதை விரும்புவதில்லையோ என்றும் ஐயுறுகிறோம்.

2025 மே 6ஆம் நாள் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டு லயத்துக்கு ஏறி வந்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தது, வழி தெரிந்திருந்தது, மாலையில் எந்நேரம் மக்கள் வீட்டிலிருப்பார்கள் என்பதும் தெரிந்திருந்தது. வாக்குக் கேட்க வந்த வழியிலேயே கருத்துக் கேட்கவும் வரலாம். வழி மறந்துவிட்டதென்றால், தோட்ட மக்களே, நீங்கள் இறங்கிச் சென்று சபையின் வாயிலில் நின்று நினைவூட்டுங்கள்.

பூங்கா வரட்டும். மரம் தளிர்க்கட்டும். விளக்கு எரியட்டும். ஆனால் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வரும் முதல் மனிதனிடம், கித்துல்கல மலையின் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரே கேள்வி எழவேண்டும்:

“ஐயா, யாரைக் கேட்டு வரைந்தீர்கள்?”